பராமரிப்புக் காலத்தின் ஊதியம்: கொடுப்பது யார்?

(மும்பையில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

வகுப்பை ஏற்பாடு செய்த தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'சமூகப் பாதுகாப்பும் உழைக்கும் மக்களும்' என்பது. ஒரு நாள் முழுவதும் பேச வேண்டிய தலைப்பு. கிடைத்திருப்பதோ ஒரு மணி நேரம். ஆகவே ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பிரித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடைமுறையில் உள்ள, ஊதியத்துடன் கூடிய குடும்ப, மருத்துவ விடுப்புத் திட்டம்தான் அது. வாஷிங்டன் என்றதும் தலைநகரை நினைக்க வேண்டாம். இது அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் பசிபிக் கரையோரம் இருக்கும் மாநிலம். சியாட்டில் நகரம் இருப்பது இங்கேதான்.

அமெரிக்காவிடம் நாம் கற்க என்ன இருக்கிறது என்று சில தோழர்களின் முகம் கேட்கிறது. அமெரிக்காவில் எல்லாம் கிடைக்கும் என்று நம்பும் உறவினர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. அங்கே தொழிலாளிக்கு ஒன்றுமே இல்லை என்று கையை விரிக்கும் தோழர்களும் நம்மிடையே உண்டு. இரு தரப்பாரும் சட்டத்தைப் படிப்பதில்லை. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் எதை வென்றன, எந்த இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டன என்பதைத் துல்லியமாக அறிவது நமக்குப் பயன்படும்.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது. என் தங்கை ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தார். மாதந்தோறும் இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தது. எங்கள் அம்மா பக்கவாதத்தால் படுத்தபோது, தங்கையின் அட்டையில் அம்மாவுக்கு மருத்துவம் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கவும், கஞ்சி புகட்டவும், அருகில் இருக்கவும் தங்கைக்கு ஒரு நாள் ஊதியம்கூட எங்கிருந்தும் கிடைக்கவில்லை. கையிருப்பு விடுப்பு மூன்று வாரத்திற்குள் தீர்ந்தது. வருவதானால் வா, இல்லையேல் எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தார். நான் டெல்லியிலிருந்து போய் எட்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். நான் வேலையை விட வேண்டும் என்று வீட்டில் எவரும் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, உழைக்கும் பெண்கள் பற்றிய ஒரு தீர்மானத்தைத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தேன்.

எனவே நம் முன்னுள்ள கேள்வி எளியது. உழைக்கும் மனிதர் நோயுற்றாலோ, குழந்தை பெற்றாலோ, வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தாலோ, அந்தக் காலத்திற்கான ஊதியத்தைக் கொடுப்பது யார்?

இதற்கு நமது இயக்கம் வெகு காலத்திற்கு முன்பே ஓர் அளவுகோலை வகுத்துவிட்டது. 1912 ஜனவரியில் பிராக் நகரில் கூடிய ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் மாநாடு, ஜார் அரசு டூமாவில் கொண்டுவந்த தொழிலாளர் காப்பீட்டு மசோதாவைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. லெனின் பங்கேற்று வழிநடத்திய மாநாடு அது. விபத்து, நோய், முதுமை, மகப்பேறு, வேலையின்மை என உழைக்கும் திறன் தடைப்படும் எல்லா நிலைகளுக்கும் காப்பீடு வேண்டும். கூலி உழைப்பாளர் அனைவரும் அவர்தம் குடும்பத்தாரும் அதில் அடங்க வேண்டும். இழந்த ஊதியம் முழுவதும் ஈடு செய்யப்பட வேண்டும். செலவு முழுவதும் முதலாளிகளையும் அரசையும் சேர வேண்டும். நிர்வாகம் காப்பீடு பெறுவோரின் கையில் இருக்க வேண்டும். இவை அந்தத் தீர்மானத்தின் சாரம். யாருக்கு, எவ்வளவு, யார் பணம், யார் நிர்வாகம் என்ற நான்கு கேள்விகளை எந்தக் காப்பீட்டுச் சட்டத்தின் முன்னும் வைக்கலாம். வாஷிங்டன் சட்டத்தின் முன்னும் வைப்போம். அதற்குமுன் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டம் 1993இல் வந்தது. அதற்கு முன் 1990லும் 1992லும் அதே நோக்கமுள்ள மசோதாக்களை அதிபர் புஷ், மூத்தவர், தடுப்பதிகாரத்தால் தள்ளினார். கிளிண்டன் பதவியேற்றதும் கையொப்பமிட்டார். ஆண்டுக்கு 12 வாரம் விடுப்பு, திரும்பி வந்தால் வேலை உண்டு. ஊதியம் மட்டும் கிடையாது. அதுவும் 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், ஓராண்டு பணியும் 1,250 மணி நேர உழைப்பும் முடித்தவருக்கே. கூலி இல்லாமல் 12 வாரம் வீட்டிலிருக்க எந்தத் தொழிலாளியால் முடியும்? 2021 நவம்பரில் பிரதிநிதிகள் சபை நான்கு வார ஊதிய விடுப்பை உள்ளடக்கிய மசோதா ஒன்றை நிறைவேற்றியது. முதலில் பேசப்பட்டது 12 வாரம். அந்த நான்கும் செனட்டில் மடிந்தது. நாடு தழுவிய ஊதிய விடுப்பு இன்றுவரை இல்லை. மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் செய்துகொண்டிருக்கின்றன: இதுவரை 13 மாநிலங்களும் தலைநகர் மாவட்டமும். மின்னசோட்டாவிலும் டெலவேரிலும் இந்த ஆண்டு, 2026 ஜனவரியில்தான் பயன் வழங்கத் தொடங்கினார்கள்.

இவற்றுள் வழிகாட்டி கலிபோர்னியா. அங்கே 1946 முதலே ஒரு காப்பீடு இருக்கிறது. அதன் பெயரில் உள்ள 'டிஸெபிலிட்டி' என்ற சொல்லை மாற்றுத்திறன் என்று தமிழாக்கம் செய்த குறிப்பொன்றை நான் பார்த்திருக்கிறேன். தவறு. நோயாலோ காயத்தாலோ தற்காலிகமாக வேலை செய்ய இயலாத நிலையையே அந்தச் சொல் அங்கே குறிக்கிறது. தொழிலாளர்களின் ஊதியத்திலிருந்து பிடித்த பணத்தால் நடந்த அந்தக் காப்பீடு, இயல்பான கர்ப்ப காலத்தை மட்டும் விலக்கி வைத்திருந்தது. சில பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம், இது பாலினப் பாகுபாடு அன்று, கர்ப்பமானவர்களையும் ஆகாதவர்களையும் பிரிக்கிற ஏற்பாடு மட்டுமே என்று தீர்ப்பளித்தது! தருக்க சாத்திரம் படித்த நீதிபதிகள். தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் போராடிச் சட்டத்தை மாற்றிய பின்பே அந்தக் கதவு திறந்தது.

2002இல் அதே மாநிலம் குடும்பப் பராமரிப்புக்கும் ஊதியம் தரும் சட்டத்தை, அமெரிக்காவிலேயே முதலாவதாக, நிறைவேற்றியது. 2004 ஜூலையில் பயன் கிடைக்கத் தொடங்கியது. மூல மசோதாவில் இருந்தது 12 வாரம். செலவை முதலாளியும் தொழிலாளியும் பகிர்ந்துகொள்வதாக இருந்தது. வணிக சங்கங்கள் திரண்டு எதிர்த்தன. வெளிவந்த சட்டத்தில் வாரங்கள் ஆறாகக் குறைந்தன. செலவு முழுவதும் தொழிலாளியின் தலையில் வந்தது. ஊதியத்தில் 55 சதவீதம் மட்டுமே கிடைத்தது. 55 சதவீதத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? மாதா மாதம் பணம் கட்டினார்கள், விடுப்பை எடுக்காமல் இருந்தார்கள். தாழ்ந்த ஊதியக்காரர்கள் கட்டிய பணத்தில் உயர்ந்த ஊதியக்காரர்கள் விடுப்பெடுத்தார்கள் என்றே சொல்லலாம். இதைத் திருத்த இருபது ஆண்டுகள் பிடித்தன: 2025 ஜனவரி முதல் அங்கே தாழ்ந்த ஊதியக்காரருக்கு 90 சதவீதம் வரை கிடைக்கிறது.

இனி வாஷிங்டன். அங்கே 2007இலேயே ஒரு சட்டம் நிறைவேறியது. குழந்தை பிறந்தால் பெற்றோருக்கு ஐந்து வாரம், வாரம் 250 டாலர். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சட்டத்தில் எழுதவில்லை. 2008இல் பொருளாதார நெருக்கடி வந்தது. தொடக்க நாளைத் தள்ளி வைத்தார்கள், மீண்டும் தள்ளினார்கள், பின்பு காலவரையின்றித் தள்ளிவிட்டார்கள். ஒரு தொழிலாளிகூட ஒரு டாலர்கூடப் பெறவில்லை. நிதிக்கு வழி சொல்லாத சமூக நலச் சட்டம் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர் பற்றிய சட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாண்டு கழித்து 2017இல் புதிய சட்டம் வந்தது. இம்முறை முதலில் பணத்தை எழுதினார்கள். 2019 ஜனவரி முதல் ஓராண்டு பங்களிப்பு மட்டும் வசூலானது. நிதி சேர்ந்த பின் 2020 ஜனவரியில் பயன் கொடுக்கத் தொடங்கினார்கள். தொடங்கிய மாதங்களில் மனுக்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் குவிந்தன. பலர் பல வாரங்கள் காத்திருந்தார்கள். ஆட்களை ஒழுங்காக அமர்த்தாமல் திட்டத்தைத் தொடங்கினால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இது: இந்தத் தேவை அத்தனை காலமாக வீடுகளுக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

நடைமுறை எப்படி என்று பார்ப்போம். ஒரு தொழிலாளிக்கு அறுவை சிகிச்சை, அல்லது அவர் தந்தைக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே தெரிந்த விடுப்பு என்றால் 30 நாளுக்கு முன் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அவ்வளவே. பணத்துக்கான மனு நிறுவனத்திற்குப் போவதில்லை; மாநில அரசின் வேலைவாய்ப்புப் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது. மருத்துவர் சான்று கொடுக்கிறார். துறை ஆராய்ந்து ஏற்ற பின், தொழிலாளி வாரந்தோறும் கணக்குக் கொடுக்க, பணம் துறையிலிருந்து நேரே அவருக்கு வருகிறது. ஆங்கிலத்தில் விடுப்பைக் குறிக்கும் சொல்லுக்கே அனுமதி என்ற பொருளும் உண்டு. யாருடைய அனுமதி என்பதுதான் கேள்வி. விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் மேசை முன் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு, பணத்தை முடிவு செய்பவர் முதலாளி அல்ல என்பதன் பொருள் நன்றாகப் புரியும்.

ஓராண்டில் 12 வாரம் வரை எடுக்கலாம். சொந்த உடல்நலமும் குடும்பப் பராமரிப்பும் ஒரே ஆண்டில் சேர்ந்து வந்தால் 16 வாரம். பிரசவத்தை முன்னிட்டு உடல் சிக்கல் ஏற்பட்டால் 18 வாரம். தந்தைக்கும் தாய்க்கும் தனித்தனி உரிமை. குடும்பம் என்பதன் வரையறையும் விரிவானது: பெற்றோர், பிள்ளைகள், துணைவர் மட்டுமன்றி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமனார் மாமியார், அதற்கும் அப்பால் உங்கள் பராமரிப்பை நம்பி இருக்கும் உறவு போன்ற ஒருவர். 2022இல் சேர்த்த ஒரு திருத்தத்தைப் படித்தபோது சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிரசவத்தை ஒட்டியோ, பிறந்த குழந்தையோடு இருக்கவோ விடுப்புப் பெறும் தகுதியுள்ளவர் அந்தக் குழந்தையை இழந்தால், இழந்த பின் ஏழு நாளும் விடுப்பு உண்டு. அதற்குமுன், குழந்தை இறந்த மறுநொடியே விடுப்புக்கான காரணம் தீர்ந்ததாகக் கணக்கு.

இனி நான்கு கேள்விகள்.

யாருக்கு? ஓராண்டில் 820 மணி நேரம் வேலை செய்திருந்தால் தகுதி. வாரத்திற்குப் பதினாறு மணி நேரம் என்று கணக்கிடுங்கள். அதுவும் ஒரே முதலாளியிடம் அன்று. காலையில் உணவகம், மாலையில் துப்புரவு என்று இரண்டு மூன்று இடங்களில் செய்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த மாநிலத்தின் ஆப்பிள் தோட்டங்களில் பருவ காலத்தில் வாரம் 50 மணி நேரம் உழைப்பவர் நான்கு மாதத்தில் தகுதியடைந்துவிடுவார். குடியுரிமை கேட்பதில்லை. ஒன்றிய அரசின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே நிறுவனத்தில் கேட்கும் 1,250 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒன்றிய அரசின் ஊழியர்கள் இதற்கு வெளியே. 'சுயதொழில் செய்பவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர் தாமாக விரும்பிச் சேர்ந்தால்தான் உண்டு. அந்த முத்திரையை யார் குத்துகிறார்கள், எதற்காகக் குத்துகிறார்கள் என்பதை செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

எவ்வளவு? இங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மாநிலத்தின் சராசரி வார ஊதியத்தில் பாதி வரை உள்ள ஊதியத்திற்கு 90 சதவீதம். அதற்கு மேலுள்ள பகுதிக்கு 50 சதவீதம். 2026 கணக்குப்படி அந்தப் பாதி 915 டாலர். குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 17.13 டாலரில் 40 மணி நேரம் உழைப்பவரின் வார ஊதியம் 685 டாலர். விடுப்பில் அவருக்குச் சுமார் 617 கிடைக்கும். வாரம் 1,600 டாலர் பெறுபவருக்கு 1,166 கிடைக்கும். ஏறத்தாழ 73 சதவீதம். உச்சவரம்பு 1,647 டாலர். ஆக, ஊதியம் தாழ்ந்தவருக்கு ஈடு மிகுதி. கலிபோர்னியா இருபதாண்டு தாமதித்துக் கற்றதை இவர்கள் முதல் நாளே செய்தார்கள். முழு ஊதியம் அன்று. குழந்தைப் பேறு, குழந்தையோடு இருத்தல் தவிர்ந்த பெரும்பாலான விடுப்புகளில் முதல் ஏழு நாளுக்குப் பணமும் இல்லை. ஆயினும் அடுப்பு எரியும்.

யார் பணம்? இந்தக் கேள்வியில் சற்று நிற்க வேண்டும். சட்டத்தின் வர்க்க முகம் தெரிவது இங்கேதான்.

2026இல் பங்களிப்பு ஊதியத்தில் 1.13 சதவீதம். 2019இல் தொடங்கும்போது 0.4 சதவீதம்தான். அதை இருவர் கட்டுகிறார்கள்: தொழிலாளி 71.43 சதவீதம், முதலாளி 28.57 சதவீதம். 50 பேருக்குக் குறைந்த நிறுவனம் என்றால் முதலாளி தம் பங்கைக் கட்டவே வேண்டாம். தொடக்க ஆண்டில் தொழிலாளியின் பங்கு 63 சதவீதமாக இருந்தது. பிறகு ஏன் ஏறியது? சட்டத்தில் ஒரு சிறு விதி இருக்கிறது. மருத்துவ விடுப்புக்கான செலவில் ஒரு பகுதியை, அதாவது 55 சதவீதத்தை, முதலாளி ஏற்க வேண்டும். குடும்ப விடுப்புக்கான செலவில் அவருக்குப் பங்கே இல்லை; அது முழுவதும் தொழிலாளியுடையது. குடும்ப விடுப்பின் செலவு மொத்தத்தில் எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவு தொழிலாளியின் பங்கும் உயர்கிறது.

இந்த விதியை நான் மூன்று முறை படித்தேன். உன் உடல் பழுதடைந்தால் அது உற்பத்தியைப் பாதிக்கும்; எனவே பழுது பார்க்கும் செலவில் எனக்கும் சற்றுப் பங்குண்டு என்று முதலாளி ஏற்கிறார். ஆனால் குழந்தையை வளர்ப்பதும் நோயாளியைப் பேணுவதும் உன் வீட்டு விவகாரம் என்கிறார். நாளைய உழைப்பாளியை வளர்த்தெடுப்பதும், நேற்றைய உழைப்பாளியை இறுதிவரை காப்பதும் முதலாளிக்குத் தொடர்பற்றவையாம்! உழைப்புச் சக்தியின் மறு உற்பத்தி என்று நமது வகுப்புகளில் கடினமான சொற்களில் விளக்குவோமே, அதன் செலவு எவர் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை இந்த ஒரு விதி காட்டிவிடுகிறது. என் தங்கையின் கணக்கில் எழுதப்பட்டதும் அதுவே. வேறுபாடு ஒன்று உண்டு: அங்கே அந்தச் செலவைத் தொழிலாளர் அனைவரும் ஒரு பொது நிதியில் பகிர்ந்துகொள்கிறார்கள்; இங்கே ஒரு பெண் தனியாகச் சுமக்கிறார்.

இன்னொரு அநீதி பங்களிப்பின் உச்சவரம்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 1,84,500 டாலருக்கு மேற்பட்ட ஊதியத்தில் பிடித்தம் கிடையாது. குறைந்தபட்சக் கூலிக்காரர் ஒவ்வொரு 100 டாலருக்கும் 81 சென்ட் கட்டுகிறார். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வாங்கும் நிர்வாகி சுமார் 1,489 டாலரோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்கு 100 டாலருக்கு 15 சென்ட். கலிபோர்னியா தன் திட்டத்தில் இந்த உச்சவரம்பை 2024 ஜனவரியில் அடியோடு நீக்கியது. வாஷிங்டனில் நிதி பற்றாமல் போய், 2022இல் பொது வரவுசெலவிலிருந்து 35 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. பங்களிப்பு வீதம் சட்டம் அனுமதிக்கும் 1.2 சதவீத உச்சத்தை இப்போது நெருங்கி நிற்கிறது. ஆனால் மேல்தட்டு ஊதியத்தின் மீது கை வைக்கவில்லை.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். தொழிலாளியின் பணம் என்பதாலேயே இந்தத் திட்டத்தை எளிதில் ஒழிக்க முடியாது, இது எங்கள் பணம் என்று மக்கள் உரிமையோடு கேட்பார்கள் என வாதிடுவோர் அங்கே உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதற்காக 1912 தீர்மானத்தைத் திருத்தி எழுத நான் தயாரில்லை. செலவை முதலாளி தரப்புக்கு நகர்த்துவதற்கான போராட்டம், நிதி ஒன்று உருவான பின் எளிதாகிறது என்பது வரை ஒப்புக்கொள்வேன்.

யார் நிர்வாகம் என்ற நான்காம் கேள்விக்கு விடை சுருக்கமானது. அரசுத் துறை நடத்துகிறது. தொழிலாளர், முதலாளிகள் தரப்பினர் அமர்ந்த குழு ஒன்று உண்டு; அது ஆலோசனைதான் சொல்லலாம். அரசின் ஒப்புதலோடு நிறுவனமே தனித் திட்டம் நடத்திக்கொள்ளவும் சட்டம் வழி விட்டிருக்கிறது.

இந்த நான்கிலும் அடங்காத ஒன்று பாக்கி: திரும்பி வந்தால் வேலை இருக்குமா? விடுப்புப் பணம் கொடுக்கும் சட்டமும் வேலையைக் காக்கும் சட்டமும் வெவ்வேறு. 2025 வரை வாஷிங்டனில் 50 பேருக்குக் குறைந்த நிறுவனத்தில் இருப்பவர் பணம் பெறலாம். திரும்பி வரும்போது அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தால் இந்தச் சட்டத்தில் கேள்வி கேட்க வழியில்லை. பிடித்தம் மட்டும் அவரிடமும் முழுதாக நடந்தது. பணம் கிடைக்கும் என்று தெரிந்தும் அஞ்சி விடுப்பெடுக்காதவர்கள் இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்த ஜனவரி முதல் 25 பேர் உள்ள நிறுவனம், 2027இல் 15 பேர், 2028இல் எட்டுப் பேர் என்று பாதுகாப்பு இறங்கி வருகிறது. 180 நாள் பணி போதும். சட்டம் நிறைவேறிய நாளில் தொழிற்சங்கத்தின் வேலை முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் தேடவில்லை.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். நமது இ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. வாஷிங்டன் சட்டத்தைவிடச் சில கூறுகளில் அது மேலானது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம், பெரும்பகுதி முதலாளியுடையது. மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியம். நோய்வாய்ப்பட்டால் ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதம். குடும்பத்திற்கு மருத்துவம். ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெற்றால் உள்ளே வர முடியாது. இந்த வரம்பு 2017 ஜனவரியிலிருந்து அசையவில்லை. கூலி ஏற ஏறத் தொழிலாளர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். 2019 ஜூலையில் முதலாளியின் பங்கை 4.75 சதவீதத்திலிருந்து 3.25ஆகக் குறைத்தார்கள். தொழிலாளியின் பங்கும் குறைந்தது என்று காட்டி அதை விழாவாகக் கொண்டாடினார்கள்.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள பெண்களுக்கு மகப்பேற்றுப் பயன் சட்டம். 2017 திருத்தம் அதையும் 26 வாரமாக்கியது, நாம் வரவேற்றோம். ஆனால் அந்த 26 வார ஊதியத்தை அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்த முதலாளி ஒருவரே கொடுக்க வேண்டும். விளைவு என்ன? இளம்பெண் என்றால் வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். திருமணம் எப்போது என்று நேர்காணலில் கேட்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கை, இந்தச் செலவைத் தனி முதலாளியின் நேரடிப் பொறுப்பாக்காமல் கட்டாயச் சமூகக் காப்பீட்டிலோ பொது நிதியிலோ வைப்பதைப் பொது விதியாகச் சொல்கிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை, அமெரிக்காவும் செய்யவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்த ஏற்பாட்டை அப்படியேதான் வைத்திருக்கிறது.

இந்த மாகாணத்தில் இந்தக் கேள்வி புதியதன்று. 1928இல் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் மகப்பேற்றுப் பயன் மசோதா விவாதத்துக்கு வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். இந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை என்று ஒப்புக்கொண்ட அவர், அரசு முன்வராத நிலையில் பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளியை அதிலிருந்து விடுவிக்க முடியாது என்றும் வாதிட்டார். 1929இல் சட்டம் வந்தது. அன்றைய ஆலைகள் பல இன்று அடுக்கு மாளிகைகளாகிவிட்டன. பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்று அவர் சொன்னது அப்படியே இருக்கிறது.

ஆகவே நமது கோரிக்கையைத் தெளிவாக அமைக்க வேண்டும். 21,000 வரம்பை உயர்த்து என்பது பழைய கோரிக்கை, தொடர்வோம். மகப்பேற்று ஊதியத்தைத் தனி முதலாளியிடமிருந்து பொது நிதிக்கு மாற்று, அந்த நிதிக்கு எல்லா முதலாளிகளும் ஆள் எண்ணிக்கை பாராமல், ஆணை வைத்திருந்தாலும் பெண்ணை வைத்திருந்தாலும், கட்ட வேண்டும் என்பது இரண்டாவது. பராமரிப்பு விடுப்புக்கு ஊதியம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, ஒருவர் மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாதபடி, என்பது மூன்றாவது. கலிபோர்னியாவில் குழந்தையைப் பேண விடுப்பெடுத்தவர்களில் ஆண்கள் முதல் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிற்காலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். தனக்கென்று உரிமையும் ஊதியமும் இருந்தால் ஆணும் வீட்டிலிருக்கப் பழகுகிறான். இதை நான் குற்றவாளிக் கூண்டிலிருந்து சொல்கிறேன்.

இந்த மூன்றாவது கோரிக்கை நம் தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஏன் இல்லை என்று கேட்டால், தொழிலாளர்கள் கேட்கவில்லை என்று பதில் வரும். அவர்கள் வேலையை விட்டு வீட்டிற்குப் போன பின் சங்கத்தில் வந்து எப்படிக் கேட்பார்கள்? எனவே அடுத்த வகுப்புக்கு வருமுன் ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தெருவில், தம் சாலில், கடந்த ஐந்தாண்டில் வீட்டு நோயாளிக்காகவோ குழந்தைக்காகவோ வேலையை விட்டவர்களைக் கண்டு எழுதி வாருங்கள். வயது, செய்த வேலை, ஊதியம், இ.எஸ்.ஐ. இருந்ததா, எத்தனை நாளில் விடுப்பு தீர்ந்தது, பிறகு வேறு வேலை கிடைத்ததா என்பன போதும். படிவத்தை நான் தமிழில் எழுதி வந்திருக்கிறேன். வாசலில் இருக்கும் மேசையில் வைத்திருக்கிறது. இந்தியும் மராத்தியும் தெரிந்த தோழர்கள் அவ்விரு மொழிகளிலும் ஆக்கித் தந்தால் மற்றக் கிளைகளுக்கும் அனுப்பலாம்.

இனி கேள்விகளுக்குப் போகலாம்.